பாட்டா என்றொரு சொல்

"அந்த ஷூவை நான்தான் வாங்கிக் கொடுத்தேன்" என்றாள் மீனாக்ஷி.

சுலோசனாவின் காபி டம்ளர் வாய்க்குப் போகும் வழியிலேயே நின்றுவிட்டது. டாக்குரியா ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த அந்த மாடி அறையில் விசிறி ஓடவில்லை. காலையிலிருந்தே லோட்‌ஷெட்டிங். எழுபத்துநாலாம் வருஷத்துச் சித்திரை, கல்கத்தாவை வேக வைத்துக்கொண்டிருந்தது. பழைய பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்த உதவியாளன் உத்தமன்கூட விசிறுவதை நிறுத்தினான்.

"படகுக்கார இஸ்மாயில் கால்ல இருந்ததே, அந்தப் புது பாட்டா ஷூவா?" என்று கேட்டாள் சுலோசனா.

"அதேதான். படித்துறையெல்லாம் ஒரே பாசி, வெறுங்காலோட ஏறி இறங்கறான், என்னிக்காவது விழப்போறான்னு எங்காத்துக்காரர் சொல்லிண்டே இருப்பார். போன வாரம் நானே கடைக்குப் போய் வாங்கிண்டு வந்தேன். ஆஸ்பத்திரியே கதின்னு கிடந்தேனா, எனக்கு ஒண்ணும் தெரியலை. அந்த ஷூவை வெச்சுத்தான் அவனைப் பிடிச்சேள்னு இன்னிக்குக் காலம்பறதான் சொன்னா. என்ன இது அநியாயம்? இவரைத் தோள்ல தூக்கிண்டு வந்தவனே அவன்தானே?"

"உங்க வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?"

"கண்ணைத் திறந்தார். பேச்சு வரலை."

மீனாக்ஷி ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய்விட்டாள். படியிறங்கும் சத்தம் ஓய்ந்த பிறகும் சுலோசனா காபியைத் தொடவில்லை.

துப்பறியும் சுலோசனா கேஸை ஒரே நாளில் முடித்துவிட்டாள் என்று முந்தாநாள்தான் எல்லாரும் கைகுலுக்கினார்கள். ஒரே நாளில் முடிந்த கேஸைப் பார்த்தால் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். அவள் படவில்லை.

நடந்தது இதுதான். கிடர்பூரில் ஹூக்ளி நதியின் கரையில் ஒரு ரசாயன ஆலை. ஆற்றுத் தண்ணீரிலிருந்து உப்பை எடுக்க அங்கே சொந்தமாக ஒரு நிலையம் உண்டு. ஆலைக்கும் அதுதான் தண்ணீர், பக்கத்துத் தொழிலாளர் காலனிக்கும் அதுதான். கோடை வந்தால் கடல் ஆற்றுக்குள் ஏறிவிடும். நிலையம் எடுக்க முடிகிற அளவையும் தாண்டி உப்பு போய்விடும். குழாயைத் திறந்தால் காலனியில் கரிக்கும். இதற்கு ஈடுகட்ட வேறு எந்தத் தண்ணீரைச் சேர்க்கலாம்? குழாய்க் கிணறா, காலனிக்குப் பின்னால் இருக்கும் ஏரியா, வடக்கேயிருந்து படகில் வருவதா? ஒவ்வொன்றையும் எடைபோட்டுச் சொல்லும் பொறுப்பு தலைமைக் கெமிஸ்ட் வாஞ்சிநாதனுக்கு. மீனாக்ஷியின் கணவர்.

அந்த வாஞ்சிநாதன்தான் ஆலைப் படித்துறையின் கீழ்ப்படியில் மண்டை உடைந்து கிடந்தார். தூக்கிவந்தவன் ஆலையின் படகுக்காரன் முகமது இஸ்மாயில். நினைவு தப்புவதற்கு முன் வாஞ்சிநாதன் மனைவியிடம் சொன்னது ஒரே ஒரு சொல்: "பாட்டா".

கம்பெனி சுலோசனாவை அமர்த்தியது. அவள் போய்ப் பார்த்தாள். இஸ்மாயிலின் காலில் பளபளவென்று புது பாட்டா ஷூ. அவன் படகில் பெயர் ஒட்டாத ஒரு பாட்டில், அதில் உப்பே இல்லாத நல்ல தண்ணீர். சோதனைக்குத் தோண்டிய குழாய்க் கிணற்றின் தண்ணீரை நல்லதாகக் காட்ட யாரோ கிணற்றுக் காண்டிராக்டர் கொடுத்தனுப்பிய போலி பாட்டில் அது, கூலி ஒரு ஜோடி ஷூ, கையும் களவுமாகப் பிடித்த கெமிஸ்ட்டை இவன் தள்ளிவிட்டான் என்று கணக்குப் போட்டாள். இஸ்மாயில் நாகூர்க்காரன். இன்ஸ்பெக்டர் வங்காளி. அவன் தமிழில் சொன்னதை வங்காளத்தில் மொழிபெயர்த்தவளும் அவளே.

"சார் பாட்டாவுக்காகத்தான் படியில உக்காந்திருந்தாரு" என்றான் அவன். பாட்டா விஷயமாகத்தான் சாகேப் காத்திருந்தாராம் என்று அவள் இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள். கேஸ் முடிந்தது.

"மத்தியானம் அலிப்பூர் கோர்ட்டுக்குக் கொண்டுபோறாங்க. அப்புறம் ஜெயில்தான்" என்றாள் இப்போது.

"போலீஸ் கொண்டுபோவுது. நீங்க என்னக்கா செய்வீய?"

"நான் சொல்லித்தானே கொண்டுபோறாங்க? ஷூவைப் பார்த்தேன். அதுக்கு மேல அவன் முகத்தைப் பார்க்கவே இல்லைடா."

உத்தமனுக்கு இந்த மாதிரி நேரத்தில் பேசாமல் இருக்கத் தெரியாது. "பேரு உத்தமன்னு எனக்கு வெச்சிருக்கு. குத்த உணர்ச்சியெல்லாம் உங்களுக்கு வந்தா, பொழைப்பு நடக்குமா? எழும்புங்க. பாட்டாவுக்கு வேற அர்த்தம் தேடுவோம்."

டாக்ஸி ராஷ்பிகாரியைத் தாண்டுவதற்குள் அவன் தேட ஆரம்பித்துவிட்டான்.

"எங்க நாகர்கோயில்ல பாட்டான்னா தாத்தா. கெமிஸ்ட்டு அவரு தாத்தாவைக் கூப்பிட்டிருப்பாரோ?"

"அவர் தஞ்சாவூர்."

"அப்போ பாட்டாநகர். ஆத்தோட கீழ போனா வருமே."

"இஸ்மாயில் படகு அந்தப் பக்கமே போகலைன்னு துறையில எல்லாரும் சொல்றாங்க."

"அப்போ பாட்டு. பாட்டு ஆ... ஆன்னு இழுத்திருப்பாரு."

சுலோசனா சிரிக்கவில்லை. நெற்றியை விரலால் அழுத்திக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். இஸ்மாயிலின் மனைவி போலீஸ் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருந்ததும், தன்னைப் பார்த்து எழுந்து நின்று சலாம் செய்ததும் நினைவுக்கு வந்தது. திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது.

கிடர்பூரில் இறங்கினார்கள். கைவண்டியும் லாரியும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருந்தன. ஆலைக் காலனியின் வாசலில் ஒரு டீக்கடை. உத்தமன் ரெண்டு டீ சொல்லிவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

"முந்தாநாள் குடிச்சோமே, ஞாபகம் இருக்கா? டீயா அது? மீன் கழுவின வெள்ளம். கடைக்காரன் சீனிக்குப் பதிலா உப்பு போட்டானோன்னு சண்டைக்கே போயிருப்பேன்."

"காலனிக் குழாய்த் தண்ணி. அப்படித்தான் இருக்கும். உனக்கு ஏன் இந்தக் கடை?"

"வேற கடை இல்லியே." கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தான். கண்ணைத் திறந்தான். இன்னொரு வாய் குடித்தான். "அக்கா, இது டீ."

சுலோசனாவும் குடித்துப் பார்த்தாள். உப்பு மருந்துக்குக்கூட இல்லை. கடைக்காரரிடம் கேட்டாள். குழாய் அதேதான், இரண்டு நாளாகத்தான் தண்ணீர் இப்படி வருகிறது, மாதா காளியின் கருணை என்று கும்பிட்டார் அவர்.

"கிணறு போட்டுட்டாங்களோ?" என்றான் உத்தமன்.

"ரெண்டு நாளிலயா? சோதனைக்கு ஒரு துளை போட்டதோட சரி. மழையும் இல்லை. வடக்கே கட்டற ஃபராக்கா அணையும் இன்னும் திறக்கலை." அவள் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அதே ஆறு, அதே நிலையம், அதே குழாய். எப்படிடா உப்பு போச்சு?"

விடை தெரியாமலே படித்துறைக்கு நடந்தார்கள். முந்தாநாள் வந்தபோது தண்ணீர் மேல்படி வரை நின்றது. இப்போது கீழே, வெகு கீழே போயிருந்தது. அன்று கண்ணில் படாத படிகளெல்லாம் பச்சைப் பாசியோடு வெளியே வந்து வழவழத்தன. அக்கரைக்குப் போகும் படகிலிருந்து ஒரு படகோட்டி மற்றவர்களைப் பார்த்துக் கூவினார்.

"பாட்டா! பாட்டா பொரேச்சே!"

"யாருக்கோ புதுச் செருப்பு கிடைச்சிருக்கு" என்றான் உத்தமன்.

சுலோசனா அவன் கையை இறுக்கிப் பிடித்தாள். படகோட்டி மறுபடி கூவினார். இந்த முறை அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முதல் எழுத்து ஷூக் கடைப் பெயரில் வருவது போல் சும்மா உதட்டில் பிறக்கவில்லை. அடிவயிற்று மூச்சும் சேர்ந்து வந்தது.

"உத்தமா, வங்காளத்துல எத்தனை ப?"

"நாலு. அந்த நாலுக்கும் பயந்துதான் நான் வங்காளமே பேசுகதில்ல."

"நமக்கு ஒண்ணே ஒண்ணு. கனமா மூச்சுவிட்டுச் சொன்னாலும் பாட்டா, லேசாச் சொன்னாலும் பாட்டா. கனமாச் சொன்னா அது ஷூ இல்லைடா. ஆத்துல தண்ணி வத்துறது. ஜோவார் ஏத்தம், பாட்டா வத்தம். இத்தனை வருஷமா இந்த ஊரில இருக்கேன், எனக்குத் தெரியாத சொல்லா? தமிழ் வாயிலேர்ந்து வந்ததுனால தமிழ்க் காதால கேட்டுட்டேன்!"

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு கீழ்ப்படி வரை இறங்கினாள். குனிந்து ஒரு கை ஆற்றுத் தண்ணீரை அள்ளி நாக்கில் வைத்தாள்.

"அக்கா! டைபாய்டு! அடுத்த அத்தியாயத்துல நான் தனியா துப்பறியணுமா?"

"நல்ல தண்ணி" என்றாள் அவள். சேறு மணத்தது. உப்பு இல்லை.

அப்புறம் எல்லாம் தானாக அவிழ்ந்தது. ஏற்றத்தில் கடல் உள்ளே வருகிறது, ஆறு கரிக்கிறது. வற்றும்போது கடல் பின்வாங்கி, வடக்கேயிருந்து வரும் ஆற்றுத் தண்ணீர் மட்டும் மிஞ்சுகிறது. வேறு தண்ணீர் தேடப் போன வாஞ்சிநாதன் அதே ஆற்றிலேயே அதைக் கண்டுபிடித்துவிட்டார். படகில் இருந்த பாட்டில் போலியில்லை, வற்றத்தில் அள்ளியது. அவர் பாட்டாவுக்காகத்தான் படியில் உட்கார்ந்திருந்தார். இஸ்மாயில் சொன்னது எழுத்துக்கு எழுத்து நிஜம். வழுக்குகிற கீழ்ப்படிகள் வெளியே வருவதும் வற்றத்தில்தான். படகுக்காரனுக்கு ஷூ வாங்கித் தந்த மனுஷர் தோல் செருப்போடு தானே இறங்கி வழுக்கி விழுந்திருக்கிறார்.

"அப்போ யாருமே தள்ளல்லியா?" உத்தமனுக்கு ஏமாற்றம். "குத்தவாளியே இல்லாத கேஸா?"

"இருக்கான். டீ ஏன் நல்லா இருந்துச்சு? யாரோ வத்தம் பார்த்து பம்பு போடறாங்க. ரெண்டு நாளா. பாட்டான்னா என்னன்னு புரிஞ்ச யாரோ." அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். "பம்பு நேரத்தை மாத்தற அதிகாரம் இங்கே ஒருத்தருக்குத்தான்."

ஆலை மானேஜர் சிவராமகிருஷ்ணன் எழுந்து வரவேற்றார். இருபது வருஷம் இந்த நதிக்கரையிலேயே வேலை பார்த்தவர். இரண்டு நாளில் பத்து வயது கூடியிருந்தது.

"வாங்கோ, வாங்கோ. ரிப்போர்ட் ரெடியாயிடுத்தா?"

"ஒரு டம்ளர் தண்ணி கொடுங்க."

கூஜாவிலிருந்து ஊற்றிக் கொடுத்தார். சுலோசனா மெதுவாகக் குடித்துவிட்டு டம்ளரை அவர் முன்னால் வைத்தாள்.

"இனிக்குது சார்."

அவர் உட்கார்ந்துவிட்டார்.

"ஆஸ்பத்திரி வராந்தாவுல மீனாக்ஷி அம்மா அந்தச் சொல்லைச் சொன்னப்ப நீங்களும் பக்கத்துல நின்னீங்க. அவங்க உள்ளே போனப்புறம், ஷூவான்னு நான் கேட்டேன். நீங்க கண்ணாடியைக் கழட்டித் துடைச்சீங்க. வேர்வைன்னு நினைச்சேன்."

 வெளியே எங்கோ பம்பு ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"நான் தள்ளலை" என்றார்.

"தெரியும். யாரும் தள்ளலை."

"ஆறு வருஷமா காலை ஷிஃப்ட் ஆரம்பிச்சா பம்பு ஓடும், ஷிஃப்ட் முடிஞ்சா நிக்கும். நான் போட்ட டைம்டேபிள். ஆத்துல ஏத்தமா வத்தமான்னு ஒரு நாள் பார்த்ததில்லை. ஆறு நன்னா இருக்கறச்சே பம்பை நிறுத்தி வெச்சேன், கரிக்கறச்சே ஓட்டினேன். அந்தக் காலனிக் குழந்தைகள்லாம் அதைத்தான் குடிச்சுது. வாந்தி, பேதி எல்லாத்துக்கும் நிலையம் சின்னது, கிணறு போடணும்னு மேலிடத்துக்கு நானே எழுதினேன். வாஞ்சி சிரிச்சிண்டே வந்து, வேற தண்ணி வேண்டாம் சார், வேற நேரம் பார்த்தாப் போறும்னான். குத்திக் காட்டலை. எனக்குத்தான் குத்தித்து. நிரூபிச்சுக் காட்டுன்னேன். பதினஞ்சு நாள் விடாம பாட்டில் எடுத்துக் காட்டறேன்னு போனான். இப்படி ஆயிடுத்து."

"அப்புறம் நான் செருப்புன்னு சொன்னேன்."

"நீங்க சொன்னது எனக்குச் சௌகர்யமா இருந்தது." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆனா தூக்கம் வரலை. பம்பு நேரத்தையாவது மாத்துவோம்னு மாத்திட்டேன்."

"காலனிக்குத் தண்ணி விட்டீங்க. லாக்கப்புல இருக்கறவனை அப்படியே விட்டுட்டீங்க" என்றான் உத்தமன். அவன் குரலில் கிண்டல் இல்லை.

மானேஜர் முகத்தை மூடிக்கொண்டார். சுலோசனாவுக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே வடிந்துவிட்டது.

"உங்க மேல கோபப்படற யோக்யதை எனக்கு இல்லை சார். நீங்க வாயைத் திறக்கலை. நான் திறந்தேன். அவனை உள்ளே தள்ளினது என் வாய்தான். எழுந்திருங்க, கோர்ட்டு வண்டி கிளம்பறதுக்குள்ள போகணும்."

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வண்டி தயாராக நின்றது. இஸ்மாயிலின் மனைவி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். சுலோசனா அவள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

மானேஜர் உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். பிறகு சுலோசனா சொன்னாள். இன்ஸ்பெக்டர் அந்தச் சொல்லை ஒரு தடவை லேசாகவும் ஒரு தடவை மூச்சோடும் சொல்லிப் பார்த்தார். ஒரு வங்காளிக் குழந்தைகூட இந்த இரண்டையும் குழப்பாதே தீதி என்றார். கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். அது கேலியைவிட உறைத்தது.

"அன்னிக்கு அவன் சொன்னதை இன்னொரு தடவை மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

சுலோசனா கைகட்டி நின்றாள். மூச்சைச் சேர்த்து, நிறுத்தி, வாத்தியார் முன்னால் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். சாகேப் ஆறு வற்றுவதற்காகப் படியில் காத்திருந்தார். தப்பு என்னுடையது என்றும் சேர்த்துக்கொண்டாள். அதை இஸ்மாயில் சொல்லியிருக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் கையசைத்தார். இஸ்மாயிலை அழைத்துவந்தார்கள். வெறுங்கால், இரண்டு நாள் தாடி, கசங்கிய லுங்கி. அவளைப் பார்த்ததும் அவசரமாகக் கிட்டே வந்தான்.

"சாரு எப்படிக்கா இருக்காரு?"

"கண்ணைத் திறந்துட்டார். இஸ்மாயில்..." அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "நீங்க சொன்னதை நான் தப்பா மாத்திச் சொல்லிட்டேன். உங்களுக்கும் கொஞ்சம் வங்காளம் புரியுமே, அப்பவே ஏன் தடுக்கலை?"

அவன் விழித்தான். "எதைத் தடுக்குறது? நீங்களும் பாட்டான்னுதான் சொன்னீங்க. நானும் பாட்டான்னுதான் சொன்னேன். சரியாத்தானே இருந்துச்சு?"

உத்தமன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

இஸ்மாயில் வாசல் பக்கம் பார்த்தான், வெயிலைப் பார்த்தான். என்னவோ கேட்கத் தயங்குகிறவனைப் போல் லுங்கியின் நுனியைக் கசக்கினான். அடிப்பதற்குக் கை ஓங்கினாலும் தகும் என்று சுலோசனா அசையாமல் நின்றாள்.

"ரெண்டு நாளா பாட்டில் எடுக்கலக்கா" என்றான் தலையைக் குனிந்துகொண்டு. "பதினஞ்சு நாளு விடக்கூடாதுன்னு சாரு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. நடுவுல விட்டுட்டேன். அவரு பேச ஆரம்பிச்சாருன்னா, நான் வேணும்னு விடலன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுவீங்களா? என்னை மன்னிச்சுக்கச் சொல்லுங்க."

மன்னிப்புக் கேட்கத்தான் அவள் வந்திருந்தாள். அவன் முந்திக்கொண்டான்.